கரையோர வேடர் கிராமங்களுக்கு ஒரு விசாரணை வேண்டும்: மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் தலைவருக்கும் ஆணையாளர்களுக்கும்,
கொழும்பு 4.

மதிப்புக்குரியவர்களே,

வாகரை, கதிரவெளி, வெருகல், ஈச்சிலம்பற்று, மூதூர்ப் பகுதிகளில் வாழும் தமிழ் பேசும் கரையோர வேடர் சமூகத்தின் காணி, பிறப்புப் பதிவு, தொழில் உரிமை பற்றி ஆணைக்குழு தானாக முன்வந்து ஒரு விசாரணையைத் தொடங்க வேண்டும் என்று கேட்டு இந்த மடலை எழுதுகிறோம். ஆணைக்குழுவை அமைத்த 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 14ஆம் பிரிவு அதற்கான அதிகாரத்தை உங்களுக்குத் தந்திருக்கிறது. ஒருவர் முறைப்பாட்டோடு வந்து நிற்கும்வரை நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை. இந்தக் கிராமங்களிலிருந்து முறைப்பாடு வராமல் இருப்பதே பிரச்சினையின் ஒரு பகுதி என்பதால் அந்தப் பிரிவிலிருந்தே தொடங்குகிறோம்.

இலங்கையின் பழங்குடிகள் என்றதும் கொழும்பில் எல்லோருக்கும் மகியங்கனைப் பக்கத்து வேடர் ஊரான தம்பானைதான் நினைவுக்கு வரும். தம்பானைக்கு நடந்ததும் சின்ன அநியாயம் அல்ல. 1983 நவம்பரில் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனமானபோது அவர்களின் வேட்டைக்காடும் தேன்காடும் ஒரே வர்த்தமானியில் பறிபோயின. பல குடும்பங்கள் மகாவலிக் குடியேற்றமான ஹெனானிகலவுக்கு மாற்றப்பட்டன. ஆனால் அந்த மக்களுக்கு நாடறிந்த ஒரு தலைவர் இருக்கிறார். பொல்லெபெத்த, ரம்பக்கன் ஓயாப் பக்கத்தில் சோளச் செய்கைக்காகக் காடு வெட்டப்பட்டபோது, 2020இல் அந்தத் தலைவர் ஊருவரிகே வன்னிலா எத்தோவும் சுற்றாடல் நீதிக்கான நிலையமும் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள், பத்திரிகைகளும் எழுதின. கிழக்குக் கரையில் இதே மாதிரி ஒரு துண்டுக் காடு போனால் அது பிரதேச செயலகத்துக் கோப்பில் ஒரு தாளாக முடிந்துவிடுகிறது.

எண்ணிக்கையைப் பாருங்கள். 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் வேடர் என்று பதியப்பட்டவர்கள் 5,000க்கு மேல். 1946இல் 2,361. 1953இல் 803. ஏழே ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு பேர் காணாமற்போக, அந்தக் காலத்தில் நாட்டில் கொள்ளைநோயும் வரவில்லை, போரும் நடக்கவில்லை. மலேரியா கட்டுக்குள் வந்து நாட்டின் சனத்தொகை வேகமாகப் பெருகிய காலம் அது. ஆட்கள் சாகவில்லை, கணக்கெடுத்தவர்கள் அவர்களை வேறு நிரலில் எழுதினார்கள். சிங்களம் பேசியவர் சிங்களவர் ஆனார், தமிழ் பேசியவர் தமிழர் ஆனார். 1963இல் சுமார் 400 என்று சுருங்கி, அதற்குப் பிறகு பல தசாப்தங்களுக்கு 'ஏனையோர்' என்ற நிரலுக்குள் போய்விட்டார்கள். படிவத்தில் தனிக் குறியீடு கொடுத்தால் மட்டும் இது சரியாகாது. வாசலில் நிற்கும் கணக்கெடுப்பாளர் வீட்டுக்காரர் பேசும் மொழியைக் கேட்டதும், இனத்தைக் கேட்காமலே நிரப்பிவிடுவதுதான் வழக்கம். இனப் பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு 1990இல் வெளியிட்ட 8ஆவது பொதுப் பரிந்துரை, ஒருவர் எந்த இனக்குழுவைச் சேர்ந்தவர் என்பதை அவரே சொல்வதன்படி பதிய வேண்டும் என்கிறது. அந்தக் குழு கண்காணிக்கும் சமவாயத்தில் இலங்கை 1982இலிருந்து பங்காளி. ஆக, கேள்வியை வாய்விட்டுக் கேட்பதும், கிடைத்த பதிலை அப்படியே எழுதுவதும் கணக்கெடுப்பாளரின் கடமை.

பிறப்புச் சான்றிதழிலும் இதேதான். நீண்டகாலமாக வழங்கிவந்த சான்றிதழில் தந்தையின் இனம், தாயின் இனம் என்று இரண்டு கூடுகள் இருக்கின்றன. வாகரைப் பக்கத்து வேடர் குடும்பமொன்றின் சான்றிதழை விரித்தால் அந்தக் கூடுகளில் 'இலங்கைத் தமிழர்' என்றுதான் இருக்கும். பாட்டனின் பத்திரம் எங்கேயாவது கிடைத்தால் அதில் வேறுமாதிரி இருக்கலாம், பேரனின் பத்திரத்தில் அது இல்லை. இன்னொரு கூடு, பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்று கேட்டுவந்தது. வழக்கப்படி சேர்ந்து வாழ்ந்து, பதிவுத்திருமணம் செய்யாத தாயும் தகப்பனும் இருவரும் சேர்ந்து வந்து ஒப்பமிட்டுக் கேட்டால்தான் தகப்பன் பெயர் ஏறும். தகப்பன் கடலிலோ காட்டிலோ இருக்கும் நாளில் தாய் தனியே போய்ப் பதிந்தால் தகப்பனுக்குரிய பகுதி முழுவதும் வெறுங்கோடு. பெயர் மட்டும் இல்லாமற்போகவில்லை, குலமும் அந்தக் கோட்டோடு போகிறது. பிறகு தகப்பனின் காணிக்குப் பிள்ளை பின்னுரித்து, அதாவது வாரிசு உரிமை, கேட்டு நிற்கும்போது அதே கோடு குறுக்கே வருகிறது. வழக்கப்படியான விவாகத்தை எங்கள் சட்டம் செல்லாது என்று தள்ளுவதில்லை. பதிவு என்பது சிறந்த சான்று மட்டுமே. பதிவாளர்களுக்கு இதைத் தெளிவாக எழுதிக் கொடுத்த ஒரு சுற்றுநிருபம் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பிறப்பைப் பதியக் கொடுத்திருக்கும் சாதாரண அவகாசம் 42 நாள். வீட்டில் பிறந்த பிள்ளை, மழைக்காலத்தில் பாதை மூடும் கிராமம், 2006, 2007 போர்க்கால இடப்பெயர்வு என்று அது தவறிப்போனவர்கள் காலங்கடந்த பதிவுக்குப் போக வேண்டும். பதிவேட்டில் தேடிப் பார்த்துப் பெயர் இல்லை என்ற முடிவு, பாடசாலை அனுமதிப் பதிவு, கிளினிக் கார்ட், மூத்தவர்களின் சத்தியக்கடதாசி எல்லாம் சேர்த்துக் கட்டிக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போனால், ஏதாவது ஒன்றில் பெயரின் ஓர் எழுத்து மாறியிருக்கும். 'நல்லதம்பி' ஒன்றில், 'நல்லத்தம்பி' இன்னொன்றில். கோப்பு திரும்பி வரும். சான்றிதழ் இல்லாவிட்டால் அடையாள அட்டை இழுபடும். அட்டை இல்லாவிட்டால் வங்கிக்கணக்கு இல்லை. கணக்கு இல்லாவிட்டால் 2023இல் தொடங்கிய அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு கைக்கு வராது. அந்தத் திட்டத்தில் மிக வறிய குடும்பத்துக்கு அப்போது மாதம் 15,000 ரூபா. ஓர் எழுத்துப் பிழையில் அவ்வளவும் தொங்குகிறது.

இனி காணி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணி அத்துமீறல் கட்டளைச்சட்டம், காடும் தரிசும் ஆளில்லாத நிலமும் பயிரிடாத நிலமும், வேறு மாதிரி நிரூபிக்கப்படும்வரை, முடிக்கே, அதாவது பிரித்தானிய அரசுக்கே, சொந்தம் என்று ஊகித்தது. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் பயிரிடும் சேனை நிலத்தையும் அதே வலைக்குள் போட்டது. முடி போய் அரசு வந்தது, ஊகம் அப்படியே நிற்கிறது. ஒரு தனியாரின் காணியில் பத்து வருடம் சொந்தக்காரரின் உரிமைக்கு எதிரீடாக இருந்து அனுபவித்தால் உரித்துக் கோர வழியுண்டு. அரச காணியில் எத்தனை தலைமுறை இருந்தாலும் அந்த வழி இல்லை.

சேனை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இந்த ஊகம் யாரைக் குறிவைக்கிறது என்பது விளங்கும். ஆடி, ஆவணியில் பற்றையை வெட்டிக் காயவிடுவார்கள். புரட்டாதியில் எரித்து, ஐப்பசி மழைக்கு முன்னால் குரக்கன், சோளம், எள்ளு, பூசணி, மரவள்ளி என்று போடுவார்கள். ஒன்றிரண்டு போகம் எடுத்ததும் நிலத்தை ஆறவிட்டு அடுத்த துண்டுக்குப் போவார்கள். ஆறவிட்ட துண்டில் சில வருடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் பற்றை எழும்பிவிடும். நிலம் களை நீங்கி மறுபடி விளைவதற்கு அந்த ஓய்வு கட்டாயம் தேவை. அந்த இடைவெளியில் அளவையாளர் வந்தால் வரைபடத்தில் 'காடு' என்று விழுகிறது, எல்லைக்கல்லும் அப்போதுதான் நடப்படுகிறது. சொந்தக்காரர் திரும்பி வரும்போது அவர் அத்துமீறியவர்.

இப்படி மிஞ்சிக் கிடந்த அரச காடுகள் பிரதேச நிருவாகத்திடம் இருந்தன. 2001ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சுற்றுநிருபம் அவற்றை வனப் பாதுகாப்புத் திணைக்களத்திடம் கொடுத்தது. 2020 நவம்பரில் வந்த இன்னொரு சுற்றுநிருபம் பிரதேச செயலாளர்களிடம் திருப்பிக் கொடுத்தது. சுற்றாடல் அமைப்புகள் இதை எதிர்த்து நீதிமன்றம் போனதில் நியாயம் உண்டு, ஏனென்றால் காடு கம்பனிகளுக்குப் போகும் வழி அதில் திறந்தது. ஆனால் கொடுத்தபோதும் திருப்பியபோதும், இந்தத் துண்டில் சேனை செய்கிறவர் யார் என்ற கேள்வி எழவே இல்லை. காட்டைக் காக்கிறோம் என்கிறவர்களும் காட்டைப் பகிர்ந்து கொடுக்கிறவர்களும் ஒரே மக்களைத் தாண்டித்தான் போனார்கள்.

வெளியேற்றம் என்று வரும்போது கையில் எடுக்கும் ஆயுதம் 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் உடைமை மீளப்பெறும் சட்டம். 3ஆம் பிரிவின் கீழ் வெளியேறல் அறிவித்தல் ஒட்டப்படும். 30 நாளுக்குக் குறையாத அவகாசம். போகாவிட்டால் நீதவான் நீதிமன்றத்துக்கு விண்ணப்பம். அங்கே 9ஆம் பிரிவின்படி எதிராளி சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான்: இப்போதும் செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரமோ அரசின் வேறு எழுத்து அதிகாரமோ என்னிடம் இருக்கிறது. வேறெந்த விடயத்தையும் அந்த விசாரணையில் எழுப்ப முடியாது. அந்த வீட்டில் பிளாஸ்டிக் பைக்குள் சுருட்டி வைத்திருப்பது என்ன? தாயின் கிளினிக் கார்ட், வாக்காளர் இடாப்பில் ஒரு பக்கத்தின் போட்டோப் பிரதி, கிராம சேவகரின் வதிவிடச் சான்று, 2004 சுனாமிக்குப் பிறகு கொடுத்த நிவாரண அட்டை. அங்கே வாழ்ந்தார்கள் என்பதற்கு அத்தனையும் சாட்சி. இருக்கலாம் என்று அரசு எழுதிக் கொடுத்ததற்கு ஒன்றும் சாட்சி இல்லை. நீதவான் மனமிரங்கினாலும் 10ஆம் பிரிவின் கீழ் கட்டளை போடுவதைத் தவிர அவருக்கு வழி குறைவு.

இங்கேதான் ஆணைக்குழு வர வேண்டும். அரசியலமைப்பின் 126(2)ஆம் உறுப்புரை, உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுப் போடச் சொல்கிறது. வெளியேறல் அறிவித்தலின் 30 நாளும் அந்த ஒரு மாதமும் சேர்ந்தே ஓடுகின்றன. அறிவித்தலில் எழுதியது என்ன என்று வாசித்துச் சொல்ல ஆள் தேடி, கிராம சேவகரைப் பார்த்து, பிரதேச சபை உறுப்பினரைப் பார்த்து, ஒன்றும் நடக்காது என்று தெரிகிறபோது இரண்டு கதவும் ஒன்றாகச் சாத்தியிருக்கும். உங்கள் சட்டத்தின் 13ஆம் பிரிவு இதற்கு ஒரு திறப்பு வைத்திருக்கிறது. ஒரு மாதத்துக்குள் உங்களிடம் முறைப்பாடு வந்தால், உங்கள் விசாரணை நடக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாடு கொடுத்ததைக் காட்டினால் மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருந்ததைக் காட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. ஆகவே முறைப்பாட்டை ஏற்கும் நாளிலேயே திகதியிட்ட பற்றுச்சீட்டும், 14ஆம் பிரிவின் கீழ் விசாரணை இந்தத் திகதியில் தொடங்கிவிட்டது என்ற கடிதமும் முறைப்பாட்டாளர் கையில் கிடைக்க வேண்டும். கிடைக்காத முறைப்பாடு நீதிமன்ற வாசலில் வெறும் தாள். வாகரையிலிருந்து மட்டக்களப்புக்கு 60 கிலோமீற்றருக்கு மேல். போய்வந்தால் ஒரு நாள் கூலியை இழக்கும் மக்களை இரண்டாம் தடவை வரச்சொல்லாதீர்கள். 1996 என்ற உங்கள் தொலைபேசி இலக்கத்துக்கு வரும் அழைப்பையும் அன்றே முறைப்பாடாகப் பதிந்து அதன் எண்ணைச் சொல்லிவிடலாம்.

பாதுகாக்கப்பட்ட காடுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் எல்லா ஒதுக்கங்களையும் ஒரே மாதிரிப் பூட்டவில்லை. தேசியப் பூங்காவுக்குள் அனுமதிச்சீட்டோடு போய்ப் பார்க்கலாம், எதையும் எடுக்க முடியாது. இயற்கை ஒதுக்கம் என்ற இன்னொரு வகையில் மரபுவழிச் செயல்களுக்கு இடமிருக்கிறது. ஒரு நிலத்தை எந்த வகையில் போடுவது என்று தீர்மானிக்கும் மேசையில், அந்தக் காட்டில் தேன் எடுக்கிறவர்கள் இருந்ததில்லை. அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால், சட்டத்தை ஒரு வரி மாற்றாமலே பல இடங்களில் பிணக்கு வந்திருக்காது.

திட்டங்கள் வரும்போதும் கேட்பதில்லை. 1993ஆம் ஆண்டு வர்த்தமானியில் குறித்த வகைத் திட்டங்களுக்குத்தான் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயம். ஒரு ஹெக்டேயருக்கு மேல் காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றினால் அது வேண்டும். மக்களை இடம்மாற்றுவது என்றால் 100 குடும்பங்களைத் தாண்ட வேண்டும். கரையோர வேடர் குடியிருப்புகள் பல இந்தக் கணக்குக்கு எட்டாதவை. ஐம்பது குடும்பங்களை வெளியேற்றினால் அந்த விதி பொதுவாக வாய் திறக்காது. மதிப்பீடு நடந்தாலும் பொதுமக்கள் கருத்துக்கு 30 நாள், அறிவித்தல் பத்திரிகையில். பத்திரிகை போகாத ஊருக்கு அந்த 30 நாளும் பூச்சியம். தாக்க மதிப்பீட்டுக்குக் கீழ்ப்படியான ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை என்றால் கருத்துக் கேட்கும் கட்டாயமே இல்லை. களப்பில் இறால் பண்ணை, கரையில் இல்மனைட் கனிம மணல் அகழ்வு என்று வாகரைப் பக்கத்தில் மக்கள் வீதிக்கு வந்த காரணத்தை இதற்குள்தான் தேட வேண்டும். பழங்குடி மக்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனம் 2007 செப்டெம்பர் 13ஆம் திகதி 144 நாடுகளின் ஆதரவோடு நிறைவேறியது. இலங்கை அதற்கு ஆதரவாக வாக்களித்தது. அதன் 10ஆம், 32ஆம் உறுப்புரைகள் அந்த மக்களின் சுதந்திரமான, முன்கூட்டிய, விபரம் தெரிந்த சம்மதத்தைக் கேட்கின்றன. நியூயோர்க்கில் கையுயர்த்தியது பிரதேச செயலகத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை.

தமிழில் எழுதுகிறவர்கள் என்ற வகையில் எங்கள் சமூகத்திடமும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. தமிழ் பேசுகிறார்கள், அம்மனைக் கும்பிடுகிறார்கள், எங்கள் பாடசாலைகளில் படிக்கிறார்கள், ஆகவே தமிழர்தான், இனி என்ன தனிப் பேச்சு என்று முடிப்பது நல்ல மனதோடு செய்யும் அழிப்பு. தமிழ்க் கட்சிகளுக்கு எண்ணிக்கை குறையுமோ என்ற பயம் இருக்கிறது. ஒருவர் தன்னை வேடர் என்று எழுதுவதால் கிழக்கில் தமிழ் மொழியின் உரிமை ஒரு அணுவும் குறையாது. ஒரே ஆள் தமிழ் பேசுகிறவராகவும் வேடராகவும் இருக்கலாம். ஊர்க் கூட்டத்தில் கடைசி வரிசை, பிள்ளையைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடும் வகுப்பறை, இவற்றுக்குக் கொழும்பில் எந்த அமைச்சும் பொறுப்பல்ல. நாங்கள்தான் பொறுப்பு. விசாரணை இதையும் கேட்க வேண்டும், அப்போது எங்கள் தலைவர்கள் முகம் சுளிக்கக் கூடாது.

விசாரணையை எப்படி நடத்தலாம் என்பதில் எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறோம். அலுவலகத்தில் அல்ல, கிராமத்தில் அமருங்கள். பாடசாலைக் கட்டடம் போதும். பொலிசும் வன உத்தியோகத்தரும் வாசலில் நின்றால் யாரும் பேச மாட்டார்கள், அவர்களின் சாட்சியத்தை வேறு நாளில் எடுங்கள். பெண்களைத் தனியே கேளுங்கள். விவாகப் பதிவு, தகப்பன் பெயர், பின்னுரித்து பற்றி ஆண்கள் முன்னால் பேசுவது அவர்களுக்குக் கஷ்டம். குடும்பம் குடும்பமாகத் தனித்தனி முறைப்பாடு கேட்காதீர்கள். மக்கள் குழுவொன்றும், அவர்கள் சார்பில் இன்னொருவரும் முறைப்பாடு செய்ய 14ஆம் பிரிவிலேயே இடமுண்டு.

ஆவணங்களை மக்களிடம் தேடாதீர்கள், திணைக்களங்களிடம் வரவழையுங்கள். ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் 3ஆம் பிரிவின் கீழ் கொடுத்த அறிவித்தல்களின் பட்டியல், காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் அனுமதிப்பத்திரப் பேரேடு, எல்லைக்கல் நட்ட அளவை வரைபடம், நிராகரிக்கப்பட்ட காலங்கடந்த பிறப்புப் பதிவு விண்ணப்பங்கள். தகவலறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு கிராமத்தவர் இவற்றைக் கேட்டால் 14 வேலைநாள், நீடித்தால் இன்னும் 21 நாள், பிறகு மேன்முறையீடு என்று மாதங்கள் போய்விடும். நீங்கள் கேட்டால் ஒரு கடிதம்.

சேனை நிலத்தை நிரூபிக்க வழி இருக்கிறது. 1956இல் எடுத்த வான்படங்கள் நில அளவைத் திணைக்களத்தில் உண்டு. அதில் சேனைத் திட்டுகள் வெளிர்நிறமாகத் தெரியும். மூத்தவர்களோடு நடந்து, பழைய கிணறு, கைவிட்ட குடிமனைப் புளியமரம், புதைத்த இடம், சடங்கு செய்யும் மரம் என்று ஒவ்வொன்றாகக் கைபேசியில் புள்ளி எடுத்து அந்தப் படத்தின் மேல் போட்டுப் பார்க்கலாம். இதில் வழக்கமாக ஒரு தவறு நடக்கிறது. கைபேசி தரும் ஆள்கூறு உலக முறையில் இருக்கும், திணைக்கள வரைபடம் இலங்கைக்கான சொந்த முறையில் இருக்கும். மாற்றாமல் போட்டால் புள்ளியெல்லாம் இடம் தள்ளி விழும், அதைக் காட்டியே எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முழுச் சாட்சியத்தையும் தள்ளிவிடுவார். அளவையாளர் ஒருவரை முதல் நாளிலிருந்தே கூட வைத்திருங்கள். சடங்கு மரங்களின் புள்ளிகளை மட்டும் அறிக்கையில் வெளியிடாதீர்கள். அவை முத்திரையிட்ட உறையில் உங்களிடம் இருக்கட்டும்.

விசாரணை முடியும்வரை இந்தக் கிராமங்களில் புதிய வெளியேறல் அறிவித்தல் கொடுப்பதை நிறுத்திவைக்கும்படி காணி ஆணையாளர் நாயகத்துக்கும் பிரதேச செயலாளர்களுக்கும் இடைக்காலப் பரிந்துரை எழுதுங்கள். பரிந்துரை கட்டளை அல்ல என்று தெரியும். ஆனால் நீதவான் முன்னால் வைக்க அது ஒரு எழுத்து.

அமர்வுகளைத் தைப்பொங்கலுக்குப் பிறகு, மாசியில் வைப்பது நல்லது. மழை விட்டுப் பாதை திறந்திருக்கும், சேனையில் காவல் குறைந்திருக்கும். திகதியைத் தமிழில், ஒலிபெருக்கியிலும் கிராம சேவகர் மூலமும், ஒரு மாதம் முன்னதாகவே ஊருக்குச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
பழங்குடி மக்களின் காணி, ஆவண விடயங்களில் பணியாற்றும் சட்டத்தரணிகளும் கள உதவியாளர்களும்,
கொழும்பு.